பூவும் தலையும் பார்த்தோம், கோணம் பார்த்தோமா?

மேலே படிக்கும் முன் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சிங்க முத்திரை நேராக உங்களைப் பார்க்கட்டும். ஒரு கையின் கட்டைவிரலை நாணயத்தின் அடியிலும் ஆள்காட்டி விரலை உச்சியிலும் வைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதைக் கதவு திறப்பதுபோலப் பக்கவாட்டில் திருப்புங்கள். பின்பக்கமும் நேராகவே நிற்கும். இந்தியக் குடியரசின் நாணயங்கள் எல்லாமே இப்படித்தான்.

அமெரிக்காவிலிருந்து பேரப்பிள்ளை யாராவது கொண்டுவந்த சில்லறை வீட்டில் இருந்தால் அதையும் இதேபோலத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் தலைவர் நேராக இருப்பார். பின்பக்கம் தலைகீழாக நிற்கும். காசு பழுதில்லை. அந்த நாட்டு வழக்கம் அப்படி.

சிறுவயதில் நாமெல்லாம் பூவா தலையா போட்டு விளையாடியிருக்கிறோம். காசுக்கு இரண்டு பக்கம் என்பதால் அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தோம். பூவுக்கும் தலைக்கும் நடுவே ஒரு கோணம் உண்டு. அதை அளந்து குறித்து வைப்பது நாணயவியலில் ஒரு தனி வேலை. காசில் ராஜாவின் பெயர் இருக்கும், ஊரின் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும். அதை அடித்த தொழிலாளியின் பெயர் மட்டும் இருக்காது. ஆனால் அவன் எப்படி வேலை செய்தான் என்பது இந்தக் கோணத்தில் பதிந்துவிடுகிறது. நாமோ காசைப் படம் எடுக்கும்போது அதை அறியாமலே அழித்துவிடுகிறோம். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

டப்பாவில் இருந்த இரண்டு தேசங்கள்

நான் காரைக்காலில் பிறந்தவள். பள்ளிப்படிப்பு பிரெஞ்சு வழியில். கல்யாணமாகி இராஜபாளையத்துக்கு வந்து, பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் சார்நிலைக் கருவூலத்தில் எழுத்தராகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றேன். காரைக்கால் மக்களுக்கு அந்தக் காலத்தில் சைகோன் என்பது பக்கத்து ஊர் மாதிரி. வீட்டுக்கு ஒருவராவது போய் வந்திருப்பார்கள். எங்கள் தாத்தாவின் டப்பாவிலும் சைகோன் வெள்ளிக்காசு ஒன்று இருந்தது. பியாஸ்தர் என்பார்கள். 27 கிராம் எடை, உள்ளங்கையை நிறைக்கும். ஒரு பக்கம் கதிர் மகுடம் சூடி உட்கார்ந்திருக்கும் பெண், மறுபக்கம் இலை வளையத்துக்குள் எழுத்து. அதே டப்பாவில் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ரூபாயும் இருந்தது.

பியாஸ்தரைப் புத்தகப் பக்கம் போலத் திருப்பினால் எழுத்து தலைகீழாகும். ரூபாயைத் திருப்பினால் நேராக நிற்கும். பிரெஞ்சில் இதற்குப் பெயர்கள் உண்டு. தலைகீழாக வருவது ‘ஃப்ராப் மொனே’, அதாவது நாணய அடிப்பு. நேராக வருவது ‘ஃப்ராப் மெதாய்’, அதாவது பதக்க அடிப்பு. பதக்கத்தைக் கழுத்தில் தொங்கவிடும்போது அது திரும்பிக்கொண்டாலும் நேராக இருக்க வேண்டும் அல்லவா, அதனால் இந்தப் பெயர். பிரான்ஸ் தன் ஃப்ராங்க் நாணயங்களைத் தலைகீழ் முறையிலேயே அடித்துவந்தது. 2002 ஜனவரி 1ல் யூரோ நாணயங்கள் புழக்கத்துக்கு வந்தபோது, அவை நேர் முறையில் வந்தன. ஒரு தேசத்தின் பழக்கமே மாறியது. எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

அச்சு என்ற சொல்

காசு அடிப்பதற்கு இரண்டு அச்சுகள் வேண்டும். கீழே ஒன்று, மேலே ஒன்று. இந்த அச்சுக்குப் பிரெஞ்சில் ‘க்வேங்’ என்று பெயர். ஆப்பு, மூலை என்றும் அதற்குப் பொருள் உண்டு. ஆங்கிலேயர் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, அச்சிலிருந்து வந்த காசுக்கே அதைப் பெயராக்கி ‘காயின்’ என்றார்கள். பிரெஞ்சு நூல்களில் ‘அச்சுகளின் கோணம்’ என்பதற்கு உள்ள தொடரை ஆங்கிலக் கண்ணால் படித்தால் ‘காசுகளின் கோணம்’ என்று தோன்றும். பழகினவர்களுக்கே ஒரு கணம் தடுக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் தமிழிலும் இதே கதை நடந்திருக்கிறது. இடைக்காலக் கல்வெட்டுகளில் ‘அச்சு’ என்றே ஒரு காசு வருகிறது. ஆனையச்சு, பழஞ்சலாகை அச்சு என்றெல்லாம் படிக்கிறோம். அடிக்கிற கருவியின் பெயரே அடிபட்ட பொருளுக்கும் வந்துவிட்டது. காசு அடிக்கும் இடத்துக்கு அக்கசாலை என்று பெயர். பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கையில் அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயில் இன்றும் இருக்கிறது. சென்னையில் தங்கசாலைத் தெரு இருக்கிறது. சாலை போய்விட்டாலும் பெயர் போகவில்லை.

கையால் அடித்த காலம்

புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆற்காட்டு ரூபாய் அடித்துக்கொள்ளும் உரிமை 1736ல் கிடைத்தது. அப்போது ஆளுநராக இருந்தவர் துய்மா. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தொடங்குவதும் அதே 1736தான். வெள்ளி ரூபாயோடு, கடைத்தெருப் புழக்கத்துக்குச் செப்புக் காசும் அடித்தார்கள். அதற்கு டூடூ என்று பெயர். வேறொன்றுமில்லை, நாம் இன்றும் சொல்லும் துட்டுதான். டச்சுக்காரரின் டாய்ட் என்ற செப்புக்காசுப் பெயரே தமிழில் துட்டாயிற்று என்பது அறிஞர் கருத்து.

டூடூவின் ஒரு பக்கம் பிரெஞ்சு மன்னர்களின் லில்லிப் பூ. மறுபக்கம் தமிழில் ‘புதுச்சேரி’. எங்கள் ஊருக்காக அடித்ததில் ஒரு பக்கம் ‘புதுச்சேரி’, இன்னொரு பக்கம் ‘காரைக்கால்’ என்று இரண்டு பக்கமும் தமிழே. 1830ல் பாரிஸில் புரட்சி நடந்து பழைய மன்னர் போனதும் லில்லிப்பூவும் போனது. அதன்பின் வந்த காசில் சேவல் ஏறிக்கொண்டது. தமிழ் எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

இந்தச் செப்புக்காசை எப்படி அடித்தார்கள்? அடியச்சை ஒரு கட்டையிலோ பட்டறைக்கல்லிலோ அசையாமல் இறக்கி வைப்பார்கள். அதன்மேல் செப்பு வில்லையை வைப்பார்கள். மேலச்சைக் கையில் பிடித்து வில்லையின் மேல் நிறுத்துவார்கள். சம்மட்டியால் ஒரு போடு. அடியச்சு நகராது. மேலச்சோ ஒவ்வொரு முறையும் கையில் எடுத்து வைக்கப்படுகிறது. வைக்கிறவன் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவலைப்படாவிட்டால், ஒவ்வொரு காசிலும் கோணம் ஒவ்வொரு மாதிரி விழும்.

இந்தக் கோணத்தைக் கடிகார மணியில் சொல்வது வழக்கம். முன்பக்கத்தை நேராக வைத்து, புத்தகப் பக்கம் போலத் திருப்பியபின், பின்பக்கத்தின் உச்சி எந்த மணியைக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். நேராக நின்றால் 12 மணி. தலைகீழானால் 6 மணி. ஒரு மணிக்கு 30 பாகை. என்னிடம் உள்ள டூடூக்கள் ஏழு. அவை காட்டும் மணிகள் 1, 4, 5, 8, 8, 10, 11. ஏழு காசை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் இதே வகையில் எழுநூறு காசு ஒருவரிடம் இருந்து, பன்னிரண்டு பத்தி போட்ட பேரேட்டில் அவற்றைப் பதிந்தால், விஷயம் தெரிந்துவிடும். எல்லாப் பத்தியிலும் ஏறக்குறைய சமமாக விழுந்தால், மேலச்சு கையில் சுதந்திரமாக இருந்தது என்று பொருள். ஒரே பத்தியில் குவிந்தால், அச்சில் அடையாளக் கோடு வைத்திருந்தார்கள், அல்லது இரண்டு அச்சையும் கீல் போட்டோ சட்டத்தில் பொருத்தியோ வைத்திருந்தார்கள் என்று பொருள். இரண்டு பத்தியில் குவிந்தால், இரண்டு பட்டறையோ இரண்டு காலமோ என்று யோசிக்கலாம்.

பட்டறை எங்கே இருந்தது, எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்று ஆவணம் இல்லாத இடத்தில் இது எவ்வளவு பெரிய துணை என்று பாருங்கள். பேரேடு எழுதியே வாழ்ந்தவள் என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது.

உலகம் முழுதும் இதே கதை

நம் மண்ணில் ரோமானியக் காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. 1898ல் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரே புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் தலையில் உளி வெட்டு இருந்தது. கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரிலும் கரூரிலும் வெள்ளிக்காசுகள் கிடைத்தன. தென்னிந்தியாவுக்கு வந்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் அதிகம் அகஸ்டஸ், திபேரியஸ் இருவருடையவை. அந்தக் காலத்து வெள்ளிக்காசுகளில் அச்சுக் கோணம் ஒழுங்காக இருப்பதில்லை. முதலாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகு ரோம் நகரத்து அக்கசாலைக் காசுகள் பெரும்பாலும் 6 மணிக்கு வந்து நிலைக்கின்றன. சக்கரவர்த்தி கட்டளை போட்டதாகக் கல்வெட்டு ஏதும் வேண்டாம். காசே சொல்கிறது, அந்தப் பட்டறையில் வேலை முறை மாறியது என்று.

வடக்கே குஷாணர் காசுகள் பெரும்பாலும் 12 மணி. பாரசீகத்துச் சாசானியரின் வெள்ளிக்காசுகள் பெரும்பாலும் 3 மணி. ஒவ்வொரு தேசத்துப் பட்டறைக்கும் ஒரு கைப்பழக்கம். சமையலில் புளி கரைக்கும் பக்குவத்தை வைத்து எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடுவோமே, அதுபோல.

இங்கேதான் படம் எடுப்பவர் செய்யும் காரியம் வருகிறது. காசுப் புத்தகங்களில் ஒரு பக்கத்துப் படத்தை நேராக வைத்து, அருகில் மறுபக்கத்துப் படத்தையும் நேராகத் திருப்பி வைத்துவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், எழுத்தும் படிக்க வரும். ஆனால் இரண்டையும் தனித்தனியே நேராக்கிய கணத்தில் நடுவில் இருந்த கோணம் போய்விட்டது. அதனால்தான் நல்ல அட்டவணைகளில் படத்துக்குக் கீழே சின்ன அம்புக்குறியோ மணி எண்ணோ போட்டிருப்பார்கள். வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் படங்களில் அந்த அம்புக்குறி இருப்பதில்லை. காசு கை மாறியபின் அந்தத் தகவலைத் திரும்பப் பெற வழியும் இல்லை.

இயந்திரம் வந்தபிறகு

1829ல் கல்கத்தாவில் நீராவி இயந்திரங்களோடு புதிய நாணயச்சாலை இயங்கத் தொடங்கியது. 1835ல் கம்பெனி அரசு தன் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் என்று சட்டம் போட்டது. சென்னை நாணயச்சாலையை 1869ல் மூடிவிட்டார்கள். தங்கசாலைத் தெருவின் அந்தக் கட்டடத்தில் பிற்பாடு அரசு அச்சகம் நடந்தது. காசு அடித்த இடத்தில் காகிதம் அடித்தார்கள்.

இயந்திரத்தில் இரண்டு அச்சும் திருகாணியும் ஆப்பும் கொண்டு இறுக்கப்பட்டிருக்கும். வில்லையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். எந்தக் கோணம் என்று ஒருமுறை தீர்மானித்துவிட்டால் கோடிக்கணக்கான காசுகளும் அதே கோணம்தான். இப்போது கோணம் சொல்வது தொழிலாளியின் கையைப் பற்றி அல்ல, அரசாங்கத்தின் தீர்மானத்தைப் பற்றி.

இதற்கு நம் வீட்டுப் பெட்டியிலேயே சாட்சி உண்டு. ‘எத்தனை பவுன்?’ என்று கேட்கிறோமே, அந்தப் பவுனும் சவரனும் இங்கிலாந்துத் தங்கக்காசின் பெயரிலிருந்து வந்தவைதான். அதன் எடை 7.98 கிராம். கடைக்காரர்கள் அதை 8 கிராம் என்று நிமிர்த்திக்கொண்டார்கள். 1918ல் பம்பாயிலேயே ஓராண்டு அந்தச் சவரனை அடித்தார்கள். அவற்றில் சின்னதாக ‘ஐ’ என்ற எழுத்து இருக்கும். விக்டோரியா ராணியின் இளம் வயதுத் தலை போட்ட சவரன்கள் பொதுவாகத் தலைகீழ் முறையில் அடிக்கப்பட்டவை. 1887ல் ராணியின் பொன்விழாவுக்குப் புதுத் தலை போட்டபோது நேர் முறைக்கு மாறினார்கள். ஐந்தாம் ஜார்ஜ் சவரனும் நேர்தான்.

பழைய காசுமாலை வைத்திருப்பவர்கள் இதைச் சோதிக்கலாம். ராணியின் தலைக்கு மேலே கொக்கி பற்ற வைத்திருந்தால், மாலை புரளும்போது இளம் ராணிக் காசில் குதிரைவீரன் தலைகீழாகத் தொங்குவான். ஜார்ஜ் காசில் நிமிர்ந்து நிற்பான். இளம் ராணித் தலையும் நிமிர்ந்த குதிரையும் சேர்ந்து வந்தால், யாரோ ஆசாரி உள்ளூரில் செய்த மாலைக்காசாக இருக்குமோ என்று கேட்டுப் பார்க்கலாம். எடையும் மாற்றும் பார்த்த பிறகே முடிவு. உள்ளூரில் செய்தது என்பதால் தங்கம் மட்டம் என்று ஆகிவிடாது. பாட்டி கழுத்தில் போட்டதற்கு மதிப்புக் குறையப்போவதும் இல்லை.

போலிக் காசைப் பிடிக்கவும் கோணம் உதவும். கையால் அடித்த பழைய காசு பத்து ஒருவர் விற்பனைக்கு வைத்திருக்கிறார் என்று வையுங்கள். பத்தும் மிகச்சரியாக ஒரே கோணம், ஒரே பக்கம் நகர்ந்த பூ, ஒரே இடத்தில் தேய்மானம் என்றால், அவை ஒரே காசிலிருந்து அச்செடுத்து உருக்கி ஊற்றியவையாக இருக்க வாய்ப்பு அதிகம். கையால் அடித்த காசுகள் அப்படி ஒட்டுமொத்தமாக ஒத்துப்போகாது. ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது ரத வீதியில் சாக்கு விரித்துப் பழங்காசு விற்பவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கல்யாணப் பத்திரிகை முறை

கோணத்தைப் படம் எடுத்து அளக்க நான் கையாளும் வழியைச் சொல்கிறேன். செலவு ஒன்றும் இல்லை.

தடிமனான கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை எடுங்கள். அதில் காசு இறுக்கமாக உட்காரும்படி வட்டமாக ஓட்டை வெட்டுங்கள். ஓட்டைக்கு மேலேயும் கீழேயும் நேர்கோட்டில் இரண்டு இடத்தில் ஊசியால் குத்துங்கள். குத்திய துளை அட்டையின் இருபுறமும் தெரியும். அந்தத் துளைகளை வைத்து முன்னும் பின்னும் கோடு போட்டு, மேல்பக்கத்தில் அம்புத்தலை வரைந்துகொள்ளுங்கள். இப்போது இரண்டு பக்கத்துக் கோடும் ஒன்றுதான். காசை ஓட்டையில் பொருத்தி, முன்பக்கத்து உருவம் அம்புக்கு நேராக நிமிர்ந்து நிற்கும்படி திருகி வையுங்கள். ஒரு படம் எடுங்கள். அட்டையைப் புத்தகப் பக்கம்போலத் திருப்பி இன்னொரு படம் எடுங்கள். இரண்டாவது படத்தில் அம்புக்கும் பின்பக்கத்து உருவத்தின் உச்சிக்கும் உள்ள கோணம்தான் நமக்கு வேண்டியது. கடிகாரம் சுற்றும் திசையில் அளக்க வேண்டும். பேரன் பள்ளிக்கூடப் பெட்டியில் இருக்கும் கோணமானி போதும்.

மூன்று விஷயத்தில் கவனம் தேவை.

ஒன்று, கைபேசி காசுக்கு நேர் மேலே, சாயாமல் இருக்க வேண்டும். சாய்ந்தால் வட்டம் முட்டை வடிவமாகும், கோணமும் கெடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 பாகை சாய்ந்தால் 45 பாகைக் கோணம் 44 ஆகத் தெரியும், பெரிய சேதம் இல்லை. 30 பாகை சாய்ந்தால் 41 ஆகிவிடும். நாலு புத்தகத்தை அடுக்கி அதன் விளிம்பில் கைபேசியைப் படுக்க வைத்துவிட்டால் கை நடுக்கமும் இல்லை.

இரண்டு, முகம் பார்க்கும் முன்பக்கக் கேமராவைப் பயன்படுத்தாதீர்கள். சில கைபேசிகளில் அது கண்ணாடிபோல இடம் வலம் மாற்றிவிடும். 4 மணி 8 மணியாகிவிடும்.

மூன்று, வெளிச்சம். தேய்ந்த செப்புக்காசில் மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் எதுவும் தெரியாது. மாலை வெயில் கண்மாய்க் கரையில் சாய்வாக விழும்போது மாட்டுக் குளம்பின் தடம்கூடத் தெளிவாகத் தெரியுமே, அதே மாதிரி டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் எழுத்து எழுந்து நிற்கும். பெரிய அருங்காட்சியகங்களில் காசை அசைக்காமல் வைத்து, விளக்கை மட்டும் பல திசையில் மாற்றி மாற்றிப் பல படம் எடுத்து, கணினியில் ஒன்று சேர்த்துப் பார்க்கிறார்கள். நம் டார்ச் வித்தையின் பெரிய அண்ணன் அது.

கோணல் காசும் கோணல் மனிதர்களும்

இயந்திரத்தில் அடித்த காசிலும் சில நேரம் கோணம் தப்பும். அச்சை இறுக்கியிருக்கும் பிடி தளர்ந்தால் அச்சு மெல்லச் சுழலும். நிமிடத்துக்குப் பல நூறு காசு அடிக்கும் இயந்திரம் என்பதால், யாராவது பார்த்து நிறுத்துவதற்குள் கொஞ்சம் கோணல் காசுகள் வெளியே வந்துவிடும். சேகரிப்பவர்கள் இவற்றைத் தேடுவதும் உண்மைதான்.

இதை வைத்து ஒரு கூட்டம் பிழைக்கிறது. இராஜபாளையத்தில் எங்கள் தெருவில் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் இரண்டு ரூபாய் நாணயம் ஒன்றைக் கொண்டுவந்து, “ஏம்மா, இந்தக் காசு கோணலா அடிச்சிருக்காம், மூணு லட்சம் தாரேங்கான்” என்றார். யார் என்று கேட்டேன். கைபேசியில் வந்த விளம்பரமாம். பதிவுக் கட்டணம் என்று 1,550 ரூபாய் கட்டிவிட்டார். இப்போது வரி என்று இன்னும் 12,000 கேட்கிறார்கள். அதைக் கட்டத்தான் என்னிடம் கைமாற்று கேட்க வந்திருக்கிறார்.

அட்டையில் வைத்து அளந்தோம். உண்மையிலேயே கோணல்தான், 25 பாகை. இதுதான் ஏமாற்றுக்காரர்களுக்கு வசதி. சரக்கு மெய், விலை பொய். “அண்ணாச்சி, வாங்குகிறவன் காசு கொடுப்பானா, காசு கேட்பானா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, “பேத்தி காலேஜுக்கு ஆகுமேன்னு பாத்தேன்” என்றார். அந்த 1,550 திரும்பி வரவில்லை. 12,000 தப்பியது.

இந்த வகை மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் வங்கி ஈடுபடுவதில்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ யாரிடமும் கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. யாராவது ஏற்கனவே பணம் கட்டியிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் மறைக்காதீர்கள். 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் புகார் உடனே கொடுக்கலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

நம் பக்கத்து மண்

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குக் காசு என்றால் பெரியாழ்வார் வென்ற பொற்கிழி நினைவுக்கு வரும். பாண்டியன் சபையில் கட்டித் தொங்கவிட்டிருந்த கிழி தானாகத் தாழ்ந்து கொடுத்தது என்பது நம் ஊர்ப் பெருமை. அந்தக் கிழிக்குள் எந்தக் காசு இருந்திருக்கும் என்று சிறுபிள்ளைத்தனமாக நான் யோசித்ததுண்டு.

பாண்டியர் காசு என்று எடுத்துக்கொண்டால், ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமி எழுத்தில் பெயர் பொறித்த செப்புக்காசை 1980களில் அடையாளம் கண்டு வெளியிட்டவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள். மதுரையில் கிடைத்த காசு அது. ஒரு பக்கம் குதிரையும் எழுத்தும், மறுபக்கம் மீன் உருவக் கோடுகள். சங்ககால மன்னர்கள் தங்கள் பெயரில் காசு வெளியிட்டார்களா என்ற கேள்விக்கு விடை சொன்னது விரல் நகம் போன்ற அந்தச் சதுரச் செம்பு. யாராவது அதை ஈயம் பூசுகிறவரிடமோ பழைய பாத்திரக் கடையிலோ எடைக்குப் போட்டிருந்தால் அந்த விடை உருகிப்போயிருக்கும்.

நம் விருதுநகர் மாவட்டத்திலேயே, வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் தமிழக தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. சங்கு வளையல்கள் ஏராளமாக வெளிவந்தன. மனிதர்கள் தொழில் செய்து வாழ்ந்த மண் இது. வீடு கட்ட வானம் தோண்டும்போதும், கிணறு தூர் வாரும்போதும், கரிசல் காட்டில் உழும்போதும் காசு கிடைத்ததாக நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். கேள்விப்படுவதோடு சரி, அடுத்த வாரம் போய்க் கேட்டால் ‘கடையில போட்டாச்சு’ என்பார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், கருவூலத்துப் பழக்கம். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ சொன்னால் வழி காட்டுவார்கள். பயப்பட வேண்டியதில்லை. மறைத்தால்தான் தொல்லை.

வீட்டுப் பெட்டியில் பாட்டி, தாத்தா வைத்துவிட்டுப் போன காசுகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அவற்றுக்கு என் வேண்டுகோள் வேறு. புளி போட்டு, சாம்பல் போட்டு, எலுமிச்சை போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், ஆனால் எழுத்தின் விளிம்பு போய்விடும். உச்சி எது என்று தெரியாத காசில் கோணம் அளக்க முடியாது. மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும். பிறகு அட்டையில் வைத்து இரண்டு படம், ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று வரி. எந்தக் காசு, யார் வழியாக, எந்த ஊரிலிருந்து வந்தது, எத்தனை மணி காட்டுகிறது. காகிதத்தைக் காசோடு ஒரே உறையில் போட்டுவிடுங்கள்.

டூடூ அடித்தவர்களின் பெயர் எந்தக் காசிலும் இல்லை. சம்மட்டி பிடித்தவரும் மேலச்சைப் பிடித்தவரும் நம்மைப்போலக் கூலிக்கும் சம்பளத்துக்கும் வேலை பார்த்தவர்கள்தான். என் ஏழு காசில் இரண்டு மட்டும் 8 மணி காட்டுவது ஏன் என்று அவ்வப்போது யோசிப்பேன். ஒரே ஆள் ஒரே நாளில் அடித்ததாக இருக்கலாம், சும்மா தற்செயலாகவும் இருக்கலாம். இன்னும் நூறு காசு பார்த்தால் தெரியும். காரைக்கால், புதுச்சேரிப் பக்கம் உறவு வைத்திருப்பவர்கள் அடுத்த முறை போகும்போது அங்குள்ள பழைய டப்பாக்களைத் திறந்து பார்த்து, மணியை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். காசு வேண்டாம். எட்டாம் பத்தியில் இன்னும் இடம் இருக்கிறது.